பிஞ்சுக் குதிகாலில் ஏன் ஊசி?



முடிச்சூர் பக்கம் ஒரு குழுக் கூட்டத்தில் சேமிப்புப் பணம் எண்ணி முடித்த பிறகு, ஓர் அம்மா தன் பேரனைப் பற்றிச் சொன்னார். பிறந்த மூன்றாம் நாள், குதிகாலில் லேசாகக் குத்தி இரண்டு சொட்டு ரத்தம் எடுக்கணும் என்று நர்ஸ் கேட்டபோது, "பச்ச உடம்பு, வேணாம்மா" என்று இவரே தடுத்துவிட்டாராம். குழந்தை அழுவதே இல்லை, எப்பவும் தூக்கம். "சாதுப் பிள்ளை" என்று வீட்டில் எல்லோருக்கும் பெருமை. ஒன்றரை மாதம் கழித்து, மஞ்சள் காமாலை போகலையே என்று கிராம சுகாதார செவிலியர்தான் சந்தேகப்பட்டு அனுப்பியிருக்கிறார். குழந்தைக்குத் தைராய்டு சரியாக வேலை செய்யவில்லை. இப்போது மாத்திரை கொடுக்கிறார்கள். போன ஆறு வாரத்தின் நஷ்டம் எவ்வளவு என்று இப்போதே யாராலும் சொல்ல முடியாது.

அந்தச் சொட்டு ரத்தத்தில் அப்படி என்னதான் பார்க்கிறார்கள்?

நம்ம குழு நடக்கிற மாதிரியேதான் உடம்பும் நடக்கிறது. மூளையின் அடிப்பக்கத்தில் ஹைப்போதலாமஸ் என்ற பகுதி இருக்கிறது. இதைக் கூட்டமைப்பு என்று வைத்துக்கொள்வோம். அதற்குக் கீழே தொங்கும் சின்னஞ்சிறு பிட்யூட்டரி சுரப்பிதான் ஊக்குநர். கழுத்தில் இருக்கும் தைராய்டு சுரப்பி, தவணை கட்ட வேண்டிய உறுப்பினர். கூட்டமைப்பு சொல்லும், ஊக்குநர் போய்க் கேட்பார், உறுப்பினர் கட்டுவார். ஊக்குநர் கேட்கிற அந்தக் குரலுக்கு டி.எஸ்.எச். என்று பெயர். தவணை வந்துவிட்டால் குரல் இறங்கிவிடும். வரவில்லை என்றால் ஊக்குநர் கத்திக்கொண்டே இருப்பார். ரத்தத்தில் டி.எஸ்.எச். எகிறி நிற்பதன் அர்த்தம் இதுதான்.

இந்த ஏற்பாடு வயிற்றுக்குள்ளேயே தொடங்கிவிடுகிறது. முதல் மூன்று மாதம் குழந்தைக்குச் சொந்தச் சரக்கு கிடையாது. அம்மாவின் தைராய்டு கொடுப்பதை வைத்துத்தான் மூளை வளர்கிறது. மூன்றாம் மாதக் கடைசியில் குழந்தையின் தைராய்டு வேலையைத் தொடங்கும். ஐந்தாம் மாதவாக்கில்தான் மூளை, பிட்யூட்டரி, தைராய்டு மூன்றுக்கும் பேச்சுவார்த்தை சூடு பிடிக்கும். பிரசவம் வரை அது கொஞ்சம் கொஞ்சமாகப் பழகிக்கொண்டே வரும். அம்மாவின் உதவியும் கடைசி வரை ஓரளவு உண்டு. அதனால்தான் குறை உள்ள பிள்ளையும் பிறக்கும்போது எல்லாப் பிள்ளை மாதிரியே இருக்கும். பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது.

"அப்போ பிறந்த உடனே ரத்தம் எடுத்தா என்ன?" என்று கேட்பீர்கள். வெதுவெதுப்பான வயிற்றிலிருந்து குளிரான வெளிக்காற்றுக்கு வந்ததும் குழந்தையின் மூளை உஷாராகி ஆணை போடும். அரை மணி நேரத்தில் டி.எஸ்.எச். நல்ல குழந்தைக்கும் மளமளவென்று ஏறிவிடும். அது அடங்க இரண்டு மூன்று நாளாகும். அதற்குத்தான் 48 மணி நேரம் கழித்து எடுக்கிறார்கள். சில மருத்துவமனைகளில், அந்த ஏற்றத்துக்கு முந்தின தொப்புள்கொடி ரத்தத்திலேயே பார்த்துவிடுவார்கள். குறைமாதப் பிள்ளைக்கு இந்தப் பேச்சுவார்த்தை இன்னும் பழகாததால், சில வாரம் கழித்து மறுபடி எடுக்கச் சொல்வார்கள். சலிக்காமல் கொண்டு போங்கள்.

எங்கேயோ நடக்கிற அபூர்வம் என்று நினைக்க வேண்டாம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் சென்னை உள்ளிட்ட நகரங்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பச்சிளங்குழந்தைகளைச் சோதித்தது. 2018இல் வெளிவந்த அதன் முடிவின்படி, மொத்தத்தில் 1,130 குழந்தைகளில் ஒன்றுக்கு இந்தக் குறை. சென்னையில் மட்டும் பார்த்தால் 727இல் ஒன்று!

இரண்டு வாரத்துக்குள் கண்டுபிடித்தால் வைத்தியம் ரொம்பச் சுலபம். தினமும் ஒரு சின்ன மாத்திரையைப் பொடித்துத் தாய்ப்பாலில் கரைத்துக் கொடுப்பார்கள். பிள்ளை மற்ற பிள்ளைகளைப் போலவே படிக்கும், ஓடும். விட்டுவிட்டால் மூளை வளர்ச்சி குன்றும், போனது திரும்பாது.

இன்னொன்றும் சொல்லணும். அபூர்வமாக ஊக்குநரே, அதாவது பிட்யூட்டரியே, வேலை செய்யாமல் போவதுண்டு. அப்போது டி.எஸ்.எச். ஏறாது, இந்தச் சோதனையில் தப்பிவிடலாம். ஆகவே சோதனை சரியாக வந்தாலும், காமாலை இரண்டு வாரம் தாண்டினால், பால் குடிக்கச் சோம்பினால், மலச்சிக்கல் இருந்தால், அழுகைக் குரல் கரகரத்தால், நாக்கு பெரிதாகத் தெரிந்தால் டாக்டரிடம் காட்டுங்கள்.

கர்ப்பத்தில் தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் தாங்களாக நிறுத்தவே கூடாது. அதையும் சத்து மாத்திரையையும் ஒன்றாக விழுங்காதீர்கள், நடுவில் நான்கு மணி நேரம் விடுங்கள். இரும்புச்சத்து அந்த மாத்திரையை உடம்பில் சேரவிடாது. உப்பு வாங்கும்போது பாக்கெட்டில் சிரிக்கும் சூரியன் படம் இருக்கிறதா என்று பாருங்கள். அயோடின் இல்லாமல் தைராய்டு எதையும் தயாரிக்க முடியாது.

டிஸ்சார்ஜ் ஆகும் முன் "குதிகால் டெஸ்ட் எடுத்தாச்சா?" என்று வாய்விட்டுக் கேளுங்கள். பெருங்களத்தூரில் பிரசவம் பார்த்துவிட்டு மறுநாளே தாய்வீட்டுக்குச் செங்கல்பட்டோ மதுராந்தகமோ போய்விடுகிறோம். ரிசல்ட் வரும்போது கொடுத்த நம்பரில் யாரும் எடுப்பதில்லை. வேலைக்குப் போகிற கணவர் நம்பரோடு, அந்த மாதம் குழந்தை பக்கத்தில் இருக்கப்போகிறவரின் நம்பரையும் சேர்த்து எழுதிக் கொடுங்கள்.