கல்வராயன் மலைக்கு நாயோடு போகிறீர்களா? கோடை மழைக்காலக் குறிப்புகள்

சித்திரை, வைகாசியில் கச்சிராயபாளையத்தில் காலை வெயில் சுள்ளென்று அடிக்கும். மதியத்துக்கு மேல் மலையில் இடியோடு மழை கொட்டும். அந்த மழையில் நனைந்து நடப்பது தனி சுகம்தான். ஆனால் உடன் வரும் நாய்க்கு எது ஆபத்து என்று தெரியாது. நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

1. விடியலில் கிளம்பி, பன்னிரண்டு மணிக்குள் இறங்கிவிடுங்கள். வெள்ளிமலை சாலையின் தார் வெயிலில் கொதித்தால் நாயின் பாதம் கொப்பளித்துவிடும். புறங்கையைத் தாரில் ஏழு விநாடி வைத்துப் பாருங்கள். உங்களுக்குச் சுட்டால் அதற்கும் சுடும்.

2. காப்புக்காட்டுக்குள் நாயைக் கொண்டுபோகாதீர்கள். 2018 மார்ச் 11 அன்று மலையேறச் சென்றவர்கள் சிக்கிய குரங்கணிக் காட்டுத்தீ விபத்துக்குப் பிறகு, வனத்துறை அனுமதியில்லாமல் காட்டுக்குள் மலையேறக் கெடுபிடி அதிகம். அதோடு, வெறிநோயும் டிஸ்டெம்பர் என்னும் வைரஸ் நோயும் நாயிடமிருந்து காட்டு விலங்குகளுக்குத் தொற்றும். மலைக்கிராமங்களுக்குப் போகும் பொதுப்பாதையே போதும்.

3. ஓடைதான் பெரிய ஆபத்து. கல்படை, பொட்டியம் போன்ற மலையாறுகளின் தண்ணீர்தான் கோமுகி அணைக்கு வருகிறது. நீங்கள் நிற்கும் இடத்தில் ஒரு சொட்டு விழாமலே, மேலே பெய்த மழையில் காட்டாறு இறங்கிவிடும். தெளிந்து ஓடிய தண்ணீர் செம்மண் நிறமாக மாறுகிறதா, சருகும் சுள்ளியும் மிதந்து வருகின்றனவா, இரைச்சல் கூடுகிறதா என்று கவனியுங்கள். இதில் ஒன்றைக் கண்டாலும் பாத்திரம், பை எதையும் எடுக்க நிற்காமல் கரையேறி மேட்டுக்குப் போய்விடுங்கள். நாய் இழுத்துச் செல்லப்பட்டால் பின்னால் குதிக்காதீர்கள். கரையோரமாகவே கீழ்நோக்கி ஓடிப் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். பெரும்பாலான நாய்களுக்கு நீந்தத் தெரியும், கரை எந்தப் பக்கம் என்று உங்கள் குரல் காட்டும். பெரியார் அருவிப் பாறைகளில் பாசி வழுக்கும். அங்கே நாயை இறக்கவே வேண்டாம்.

4. கழுத்துப் பட்டையைவிட மார்புப் பட்டை நல்லது. இடிச்சத்தத்துக்கு மிரண்ட நாய் கழுத்துப் பட்டையிலிருந்து தலையை உருவிக்கொண்டு ஓடிவிடும். கயிற்றை மணிக்கட்டில் சுற்றாதீர்கள். நாய் பாய்ந்தால் நீங்களும் விழுவீர்கள். பட்டையில் உங்கள் கைபேசி எண் இருக்கட்டும்.

5. மலைக்கிராமங்களில் ஆடுகள் மேயும். உங்கள் நாய் துரத்தி ஓர் ஆடு செத்தாலும் அது ஒரு குடும்பத்தின் பிழைப்பு. ஊர் வந்ததும் கயிற்றைக் குட்டையாகப் பிடியுங்கள்.

6. தேங்கிய குட்டைத் தண்ணீரைக் குடிக்க விடாதீர்கள். எலிக்காய்ச்சல் கிருமி அதில் இருக்கலாம். வீட்டுத் தண்ணீரும் அகலக் கிண்ணமும் கொண்டுபோங்கள். வெங்காயமில்லாத தயிர்சாதம் கொஞ்சம் கொடுக்கலாம். பிரியாணி எலும்பு வேண்டாம். வெந்த எலும்பு சிலாம்பாக உடைந்து குடலைக் குத்தும். வெங்காயம், திராட்சை, சாக்லேட் மூன்றும் நாய்க்கு நஞ்சு.

7. வீடு திரும்பியதும் பழைய பருத்திப் புடவையால் அடிமயிர்வரை துவட்டுங்கள். காதின் உட்புறம், விரலிடுக்கு, வாலடி, அக்குள் என்று விரலால் தடவிப் பாருங்கள். கடுகுபோல் நெருடினால் உண்ணி. தோலை ஒட்டிச் சாமணத்தால் பிடித்து, முறுக்காமல் நேராக இழுத்து, சோப்புத் தண்ணீரில் போடுங்கள். மண்ணெண்ணெய் தடவுவது தவறு. நாயின் தோல் வெந்துபோகும், நக்கினால் வயிற்றுக்கும் கேடு. அடுத்த சில வாரங்களில் சோறு தின்னாமல் சோர்ந்து படுத்தாலோ, ஈறு வெளுத்தாலோ, மூக்கில் ரத்தம் வந்தாலோ அது உண்ணிக்காய்ச்சலாக இருக்கலாம். ரத்தப் பரிசோதனை செய்யுங்கள்.

8. காய்ச்சல் என்று பாராசிட்டமால், புரூஃபென் கொடுக்காதீர்கள். நமக்கான மாத்திரை நாயின் ஈரலையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும்.

9. கார் இருக்கையில் ஈரநாற்றம் அடித்தால், ஈரம் காய்ந்தபின் சமையல் சோடாவைத் தூவி, இரவு முழுக்க விட்டுக் காலையில் துடையுங்கள்.

10. நாய்க்கு வெறிநோய்த் தடுப்பூசி ஆண்டுதோறும் தவறக்கூடாது. வழியில் தெருநாய் உங்களைக் கடித்தால் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவி, அன்றே அரசு மருத்துவமனைக்குப் போங்கள்.

11. மலையில் கைபேசி சிக்னல் பல இடங்களில் கிடைக்காது. கால்நடை மருத்துவ உதவிக்கு 1962, மனிதருக்கு 108. எங்கே போகிறீர்கள், எப்போது திரும்புவீர்கள் என்பதைக் கச்சிராயபாளையத்திலேயே வீட்டாரிடம் சொல்லிவிட்டு மலை ஏறுங்கள்.