ஜெட்டியடியில் நீ கேட்டது

உவர்மலை,
திருகோணமலை.

அன்பு மருமகளுக்கு,

போன கிழமை ஜெட்டியடியில் நீ கேட்ட கேள்விக்கு அங்கே நின்று பதில் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆறு மாதம் மறுவாழ்வு நிலையத்தில் இருந்து உடம்பு தேறி வந்த அந்த அண்ணா, துறைமுகப் பக்கம் வந்த இரண்டாம் நாளே ஏன் திரும்பவும் ஐஸ் போதைப்பொருளைத் தேடிப் போனார் என்று கேட்டாய். பக்கத்தில் நின்றவர் "மனவுறுதி இல்லாத பெடியன்" என்று முடித்துவிட்டார். அந்தச் சொல் எனக்கு இன்னும் நெஞ்சில் குத்துகிறது.

நம் ஊரில் புழங்குவது குடு என்கிற ஹெரோயினும் ஐஸ் என்கிற மெதம்பெட்டமைனும். கொக்கெயின் பெரும்பாலும் நம்மைக் கடந்து போகிற சரக்கு. ஆனாலும் போதை மூளையில் செய்யும் வேலையை ஆய்வாளர்கள் மிக நுணுக்கமாகப் பார்த்தவற்றுள் கொக்கெயினும் ஒன்று. ஐசும் அதைப் போலவே மூளையில் டோபமின் என்ற வேதிப்பொருளைப் பெருக்குவதால் அதை வைத்தே சொல்கிறேன்.

காதுகளுக்கு நேர் உட்புறமாக, மூளையின் ஆழத்தில், இரு பக்கமும் வளைந்த ஒரு பகுதி இருக்கிறது. வடிவத்தைப் பார்த்து 1587இல் இத்தாலியர் அரான்சி அதற்குக் கடற்குதிரையின் பெயரையே வைத்தார்: ஹிப்போகாம்பஸ். எங்கே, எப்போது, யாரோடு என்பதையெல்லாம் சேர்த்துக் கட்டிவைப்பது அதுதான். மரக்கறித் தோல் எந்த வாசலில் கிடைக்கும் என்று நம் ஊர்ப் புள்ளிமான்கள் பொழுதுபடத் தவறாமல் வந்து நிற்கின்றனவே, அதுவும் இதே வகை ஞாபகம்.

அந்த ஞாபகம் குடியிருப்பது நரம்பிணைப்பில், அதாவது ஒரு நரம்புக்கலத்திலிருந்து மற்றதற்குச் செய்தி தாண்டுகிற இடத்தில். 1973இல் பிளிஸும் லோமோவும் முயலின் ஹிப்போகாம்பஸில் அடுக்கடுக்காக மின்துடிப்புக் கொடுத்தார்கள். துடிப்பு நின்ற பிறகும் அந்த இணைப்பு மணிக்கணக்கில் வலுவாகவே இருந்தது. செய்தியை ஏற்கும் வாங்கிகள் அங்கே கூடிவிடுவது அதற்கு ஒரு காரணம்.

நல்லது கிடைத்தால் "இதை ஞாபகம் வை" என்று டோபமின் சொல்கிறது. சொல்லி முடித்ததும் அதைத் திருப்பி உறிஞ்ச ஒரு புரதம் உண்டு. கொக்கெயின் அந்தப் புரதத்தை அடைத்துவிடும். பிறகு சேதி ஓயாது. கொக்கெயின் கொடுத்த எலிகளின் ஹிப்போகாம்பஸில் இணைப்புகள் வழமையைவிடக் கூடுதலாக வலுப்பெற்றதை அளந்தே பார்த்திருக்கிறார்கள்.

என்னை உலுக்கியது 2001இல் வோரெலும் அவருடைய கூட்டாளிகளும் வெளியிட்ட ஆய்வு. நெம்புகோலை அழுத்திக் கொக்கெயின் பெறப் பழகிய எலிகள், அது கிடைக்காமற் போனதும் மெல்ல மெல்ல அழுத்துவதை விட்டுவிட்டன. பிறகு ஹிப்போகாம்பஸில் சிறு மின்துடிப்பு, அவ்வளவுதான். கொக்கெயின் ஒரு துளிகூடக் கொடுக்கவில்லை. எலிகள் மறுபடி நெம்புகோலுக்குப் போயின.

இப்போது அந்த அண்ணாவை நினைத்துப் பார், பிள்ளை. டீசல் வாடை, ஜெட்டி விளக்கு, பழைய கூட்டாளியின் விசில். அவர் தீர்மானிக்க முதலே அவருடைய கடற்குதிரை விழித்துக்கொண்டது. மனவுறுதி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அவரைக் கொண்டுபோய் அதே விளக்கடியில் விட்டுவிட்டு உறுதியை மட்டும் கேட்டோமே, அதுதான் நம் பிழை.

நேற்று அவருடைய அம்மாவோடு பேசினேன். கிளிவெட்டியில் சித்தப்பா வீட்டில் வயல்வேலைக்கு நிற்கட்டும், சிகிச்சையையும் தொடரட்டும் என்று முடிவு செய்திருக்கிறார்கள். அடுத்த விடுமுறைக்கு நீ வந்ததும் பார்க்கப் போவோம். அவருக்குப் பிடித்த பனங்கட்டி வாங்கி வைக்கிறேன். ஜெட்டியடிப் பேச்சை மட்டும் அங்கே எடுக்காதே.

அன்புடன்,
மாமா