வலிக்காத ஆபத்து

முதலாண்டில் ஒருநாள் ஒர்க்‌ஷாப்பில் ஷீல்டு இல்லாமல் வெல்டிங்கை எட்டிப் பார்த்தேன். அப்போ ஒண்ணும் தெரியலை. ராத்திரிதான் கண்ணுல மணலைக் கொட்டின மாதிரி எரிச்சல்! அதன்பிறகு படித்தபோது என்னை உலுக்கியது கிளாரன்ஸ் டாலியின் கதை.

1895 நவம்பர் 8-இல் ஜெர்மனியின் வூர்ஸ்பர்க் நகரில் ராண்ட்ஜன் எக்ஸ் கதிரைக் கண்டுபிடித்தார். சில மாதங்களிலேயே டாக்டர்கள் எலும்பு முறிவையும், உடம்பில் பாய்ந்த குண்டையும் அறுக்காமலே பார்த்தார்கள். 1901-இல் இயற்பியலுக்கான முதல் நோபல் பரிசும் ராண்ட்ஜனுக்கே கிடைத்தது.

ஆனால் அந்தக் கதிர் கண்ணுக்குத் தெரியாது, படும்போது வலிக்காது. எனவே குழாயைச் சோதிக்கப் பலரும் தம் கையையே குறுக்கே நீட்டினார்கள். அமெரிக்காவில் எடிசனின் உதவியாளரான டாலியும் அப்படித்தான். கையில் வந்த புண் புற்றுநோயானது. அதைக் கண்ட எடிசன் அந்த ஆராய்ச்சியையே கைவிட்டார். இரு கைகளையும் வெட்டியெடுத்தும் டாலி பிழைக்கவில்லை. 1904-இல், 39 வயதில் இறந்தார்.

இன்று எக்ஸ்ரே எடுப்பவர் ஈயத் தடுப்புக்குப் பின்னால் நிற்பது, அத்தகையவர்கள் தந்த பாடம். வலிக்கலைன்னா ஆபத்தில்லைன்னு அர்த்தமில்லை. நாளைக்கு மெஷின் முன்னாடி நிக்கப் போறவங்க நாம. ஷீல்டை முதல்ல எடுப்போம், அப்புறம் ஸ்விட்சைப் போடுவோம்!