மாமா வீட்டுக்கு என்று சொல்லாதே

கிளீவ்லாந்து, ஓஹையோ

அன்பு மாப்பிள்ளைக்கு,

நேற்று ராத்திரி நீ அனுப்பிய குரல் பதிவைக் கேட்டேன். இரண்டு நாதஸ்வரம், இரண்டு தவில். இங்கே ஒரு கோயில் கும்பாபிஷேகம், அதை ஒட்டி நான்கு ஊர்களில் கச்சேரி. உன் தாத்தா இருந்திருந்தால் இந்நேரம் கடைத்தெரு முழுக்கச் சொல்லி முடித்திருப்பார். எனக்கும் மனம் நிறைந்துதான் இருந்தது, கடைசியில் நீ சொன்ன அந்த வாக்கியம் வரும்வரை. "விசிட்டர் விசா போதுமாம் மாமா, மாமா வீட்டுக்குப் போறேன்னு சொல்லிட்டா கேள்வியே கேட்க மாட்டாங்களாம்."

அப்படிச் சொல்லாதே. யார் சொல்லிக் கொடுத்தாலும் சொல்லாதே.

பல வருஷங்களுக்கு முன்னால் ஒரு தவில்காரரை அழைத்துவர விமான நிலையத்துக்குப் போனேன். அவருக்கும் இதே யோசனையைத்தான் யாரோ சொல்லியிருந்தார்கள். அண்ணனைப் பார்க்க வந்தேன் என்று உள்ளே சொல்லியிருக்கிறார். அதிகாரி செல்போனை வாங்கிப் பார்த்தார். அதில் அவர் படம் போட்ட நோட்டீஸ், டிக்கெட் விலையோடு. ராத்திரி முழுக்க ஓர் அறையில் உட்கார வைத்து, விசாவை ரத்து செய்து, அடுத்த விமானத்தில் ஏற்றிவிட்டார்கள். உறையை அவிழ்க்காமலேயே தவில் திரும்பிப் போனது. நான் வெளியே, காரில் ஹீட்டரைப் போட்டபடி விடிய விடியக் காத்திருந்தேன். பெரிய வித்வான் அவர். அதற்குப் பிறகு இந்த நாட்டுப் பேச்சையே எடுப்பதில்லை. பொய் சொல்லி விசா வாங்கினார், அல்லது வாங்கப் பார்த்தார் என்று பதிவாகிவிட்டால் ஆயுள் முழுக்க நுழையத் தடை விழலாம். விலக்குக் கேட்டு மனுப் போடலாம், ஆனால் அது கிடைத்தே தீரும் என்று யாரும் சொல்ல முடியாது. இருபத்திரண்டு வயதில் அந்தப் பதிவு உனக்கு வேண்டாம்.

விசிட்டர் விசாவில் மேடை ஏறவே கூடாதா என்றால், பொழுதுபோக்குக்கு வாசிப்பவர்கள் சன்மானம் எதுவும் வாங்காமல் வாசிக்க ஒரு சிறு இடம் உண்டு. தவிலே பிழைப்பாக உள்ள நமக்கு அது பொருந்தாது. பணத்தை இந்தியாவில் கொடுத்துவிடுகிறோம் என்பார்கள். எங்கே கொடுத்தாலும் வேலை இங்கேதானே நடக்கிறது?

இதில் எனக்கு ஆற்றாமை எதனால் என்றால், உன் கலைக்கென்றே இந்த நாட்டுச் சட்டத்தில் ஒரு கதவு திறந்திருக்கிறது. அதை விட்டுவிட்டு ஏன் சுவர் ஏறிக் குதிக்க வேண்டும்? 1962-ல் பாலசரஸ்வதி அம்மா இங்கே ஆட வந்தபோதும், 1978-ல் எங்கள் கிளீவ்லாந்தில் தியாகராஜ ஆராதனை தொடங்கியபோதும் அந்தக் கதவு இல்லை. 1990-ல் வந்த குடியேற்றச் சட்டத்தில்தான் கலைஞர்களுக்கென்று ஓ (O), பி (P) என்ற விசா வகைகளை உண்டாக்கினார்கள். ஓ-1 வாங்க, உன் துறையில் நீ தனித்துத் தெரிகிறாய் என்று நிரூபிக்க வேண்டும். பி-1 வாங்கும் குழுவுக்குப் பல நாடுகளில் பெயர் இருக்க வேண்டும், குழுவில் முக்கால்வாசிப் பேர் ஒரு வருஷமாவது சேர்ந்து வாசித்திருக்க வேண்டும். பி-3 புகழைக் கேட்பதில்லை. நீ கொண்டுவரும் கலை ஒரு பண்பாட்டுக்கே உரிய தனிக் கலையா என்றுதான் கேட்கிறது. நாதஸ்வரமும் தவிலும் சேர்ந்த மேளத்தை விட அதற்கு நேரான பதில் ஏது? எச்-1பி மாதிரி குலுக்கல் கிடையாது, வருஷத்துக்கு இத்தனை பேர் என்ற உச்சவரம்பும் கிடையாது.

நீ டிரம்ஸ், சாக்ஸபோனோடு சேர்ந்து வாசிக்கிறாயே, அது ஆகாதோ என்று பயப்படாதே. அர்ஜென்டினாவிலிருந்து ஒரு குழு, யூதர்களின் கிளெஸ்மர் இசையை லத்தீன் அமெரிக்கத் தாளங்களோடு கலந்து வாசிப்பவர்கள். இது எந்தப் பண்பாட்டின் மரபும் இல்லை என்று முதலில் மறுத்தார்கள். 2012-ல் மேல்நிலை ஆய்வில் அந்த முடிவு மாறியது. கலந்து பிறந்த கலையும் தனித்தன்மை உள்ள கலையாக இருக்கலாம் என்று தீர்ப்பு. அதுவே முன்னுதாரணமாக இன்றைக்கும் நிற்கிறது.

பி-3-க்கான மனுவை நீ போட முடியாது. இங்கே உள்ள அமைப்போ ஏஜெண்டோதான் ஐ-129 படிவத்தில் போட வேண்டும். அதனால் ஏற்பாட்டாளரிடம் முதலில் கேட்க வேண்டியது, "மனு யார் பெயரில் போகிறது?" அதற்குப் பதில் இல்லாதவரிடம் மற்ற எதையும் பேசிப் பயன் இல்லை. செலவைக் காட்டித் தட்டிக் கழிப்பார்கள். 2024 ஏப்ரல் முதல் பி வகை மனுவுக்குக் கட்டணம் 1,015 டாலர், லாப நோக்கமில்லாத அமைப்பு என்றால் 510. கோயில்களும் தமிழ்ச் சங்கங்களும் பெரும்பாலும் அந்த இரண்டாவது கணக்கில்தான் வரும். ஒரே மனுவில் 25 பேர் வரை சேர்க்கலாம், உங்கள் செட்டு நான்கே பேர். வக்கீல் வைத்தால் அந்தச் செலவு தனி. நிகழ்ச்சிக்கு ஒரு வருஷம் முன்பே மனுவைக் கொடுக்கலாம். கூடுதல் கட்டணம் கட்டினால் 15 வேலை நாளில் பதில் வரும், ஆனால் 'இன்னும் ஆவணம் கொடு' என்பதும் ஒரு பதில்தான்.

மனுவோடு இங்குள்ள இசைக் கலைஞர் சங்கத்தின் கருத்துக் கடிதம் வேண்டும். அதை மனுப் போடுபவர்களே வாங்கிக்கொள்வார்கள். உன் பக்கத்தில் சேர வேண்டியவற்றில்தான் கவனம் வேண்டும்.

பாஸ்போர்ட்டை எடுத்துப் பார். நம் பக்கம் பலருக்குக் குடும்பப் பெயர்க் கட்டம் காலியாக இருக்கும். அமெரிக்க விசாவில் அவர்களுடைய ஒரே பெயர் குடும்பப் பெயர் இடத்துக்குப் போய்விடும், சொந்தப் பெயர் இடத்தில் 'எஃப்.என்.யு' என்று அச்சாகும். முதற்பெயர் தெரியாது என்பதன் சுருக்கம் அது. இப்போது உன் நோட்டீஸ்களைப் பார். ஒன்றில் ஊர்ப் பெயரோடு இருப்பாய், இன்னொன்றில் அப்பாவின் இனிஷியலோடு, மூன்றாவதில் யாரோ கொடுத்த பட்டத்தோடு. நமக்கு எல்லாம் நீதான். மனுவைப் படிக்கும் அதிகாரிக்கு மூன்று ஆட்கள். அதனால் மேடைப் பெயர்கள் எல்லாவற்றையும் மனுவிலும், விசாவுக்கான டிஎஸ்-160 படிவத்திலும் 'வேறு பெயர்கள்' என்ற இடத்தில் எழுத வேண்டும். இத்தனை பெயரும் ஒருவரே என்று நோட்டரி முன்னால் ஒரு பிரமாண வாக்குமூலமும் எடுத்து வைத்துக்கொள்.

தமிழில் உள்ள ஒவ்வொரு தாளுக்கும் முழு ஆங்கில மொழிபெயர்ப்பு வேண்டும், மொழிபெயர்த்தவர் சான்று சொல்லிக் கையெழுத்துப் போட வேண்டும். முழு என்றால் கீழே உள்ள உபயதாரர் பெயர் வரை. ஒருமுறை 'சிறப்புத் தவில்' என்ற ஒரு சொல்லோடு ஒரு மாலை முழுக்க உட்கார்ந்திருந்தேன். சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் அது ஏதோ ஒரு விசேஷ வாத்தியத்தின் பெயர் போல் ஆகிவிடுகிறது. வாசிப்பவரின் தனித் திறமைக்காக அவரைச் சிறப்பாக அழைத்திருக்கிறார்கள் என்று விரித்து எழுதிய பிறகுதான் அந்த நோட்டீஸ் அவருடைய மதிப்பைச் சொல்லியது.

மனுவோடு வைக்கும் நிபுணர் கடிதத்திலும் இதே சங்கதிதான். 'அபார வித்வான், தெய்வீக நாதம்' என்று ஒரு பக்கம் புகழ்ந்து வாங்கி வராதே. சுவாமி புறப்பாட்டில் கம்பீர நாட்டையில் ஏன் மல்லாரி வாசிக்கிறோம், எந்த வேளைக்கு எந்த ராகம், தவில் இல்லாமல் அந்த ஊர்வலம் ஏன் நகராது என்று, நம் ஊரையே பார்த்திராத ஒருவருக்குப் புரியும்படி உன் வாத்தியாரோ இசைக் கல்லூரிப் பேராசிரியரோ எழுத வேண்டும். எழுதியவர் யார், அவருக்கு என்ன தகுதி என்பதும் கூடவே போக வேண்டும். பத்திரிகையில் வந்த விமர்சனம் இருந்தால் சேர்.

ஒப்பந்தத்தை வாட்ஸப்பில் முடிக்காதே. தேதி, இடம், தொகை, தங்குமிடம், விமான டிக்கெட் எல்லாம் தாளில் வரட்டும். சொன்ன தொகை வரி பிடிப்பதற்கு முன்னாலா பின்னாலா என்று கேள். வெளிநாட்டுக் கலைஞரின் சம்பளத்தில் பொதுவாக 30 சதவீதம் இங்கே பிடித்துக்கொள்வார்கள். பிடித்ததற்கு 1042-எஸ் என்ற தாளைக் கேட்டு வாங்கு. பிள்ளைகளுக்கு ஒரு வாரம் தவில் சொல்லித் தருவதாகவும் பேச்சு என்றாய். பி-3-ல் கற்பிப்பதற்கும் இடம் உண்டு, பயணத் திட்டத்திலேயே அதை எழுதச் சொல். வந்த பிறகு இதே மாதிரி இன்னொரு கச்சேரி அமைந்தால் மனுப் போட்டவர் மூலமாகச் சேர்த்துக்கொள்ளலாம். யாரோ ஒருவர் கல்யாணத்துக்குக் கூப்பிட்டுக் கையில் கவர் தருகிறேன் என்றால் போகாதே. நடுவில் உன்னை அழைத்தவர்களாகவே வேண்டாம் என்று நிறுத்தினால், நியாயமான திரும்பும் பயணச் செலவு அவர்கள் பொறுப்பு. சட்டமே அப்படித்தான் சொல்கிறது.

மனு ஏற்கப்பட்டால் விசா கிடைத்துவிட்டது என்று பொருள் இல்லை. ஆளுக்கு 205 டாலர் கட்டி, விரல் ரேகை கொடுத்து, சென்னையில் ஜெமினி மேம்பாலத்துப் பக்கம் உள்ள துணைத் தூதரகத்தில் நேர்காணலுக்கு நிற்க வேண்டும். விசா ஒட்டிய பாஸ்போர்ட் கைக்கு வரும்வரை டிக்கெட்டுக்குப் பணம் கட்டாதே. ஊருக்குத் திரும்புவாயா என்பதுதான் அவர்களுக்கு முக்கியமான கேள்வி. தை மாத முகூர்த்தங்களுக்கு நீ வாங்கிய அட்வான்ஸ் ரசீதுகளை எடுத்துப் போ. எதற்குப் போகிறாய் என்று கேட்டால், தவில் வாசிக்க என்று சொல். மாமா இருக்கிறாரா என்று கேட்டால், இருக்கிறார் என்று சொல். இரண்டும் உண்மை.

இங்கே இறங்கியதும் ஐ-94 பதிவை இணையத்தில் பார்த்துக்கொள். விசாவில் உள்ள தேதியை நம்பி இருந்துவிடாதே, எதுவரை தங்கலாம் என்பதை ஐ-94 தேதிதான் சொல்லும். மனுக் காலத்துக்கு முன்னும் பின்னும் பத்து நாள் வரை தங்க இடம் கொடுக்கலாம், ஆனால் அந்த நாட்களில் வாசிக்கக் கூடாது. தவிலில் தோல் இருக்கிறது என்பதைச் சுங்கத்தில் நீயாகவே சொல்லிவிடு.

கும்பாபிஷேகத்துக்கு இன்னும் எட்டு மாதம் என்றாய். இன்றைக்கே தொடங்கினால் நேரம் போதும். கோயில் நிர்வாகியின் நம்பரை அனுப்பு, நான் பேசுகிறேன். முறையாக மனுப் போட அவர்கள் சம்மதித்தால், தாள்களோடு ராத்திரி உட்கார நான் தயார். மாட்டோம் என்றால் நீ வரமாட்டாய் என்று நானே சொல்லிவிடுகிறேன். அந்தச் சங்கடம் உனக்கு வேண்டாம்.

அக்காவிடம் சொல்லிப் பரணில் உள்ள டிரங்குப் பெட்டியை இறக்கச் சொல். தாத்தா வாசித்த கச்சேரி நோட்டீஸ்களை அதில்தான் போட்டு வைத்திருந்தார். இது எத்தனை தலைமுறையாக வரும் வாசிப்பு என்று சொல்ல அவை வேண்டும். ஸ்கேன் செய்து அனுப்பு. மடித்த இடமெல்லாம் இற்றுப் போயிருக்கும், இரண்டு கையாலும் பிடித்து எடு.

அன்புடன்,
மாமா