உப்பிய பேட்டரியும் ஒரு ரப்பர் பேண்டும்



உங்கள் கடிதம் கிடைத்தது. நாலு வருஷத்துப் போனின் முதுகு ஒருநாள் காலையில் திறந்துகொண்டு நின்றது, உள்ளே பேட்டரி அப்பளம் மாதிரி உப்பியிருந்தது, மூடியை அமுக்கி ரப்பர் பேண்ட் போட்டுப் பத்து நாளாக ஓட்டுகிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள். முதலில் அந்த ரப்பர் பேண்டைக் கழற்றுங்கள். இனி சார்ஜ் போட வேண்டாம். காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன்.

“உப்பாத பேட்டரி செய்ய இவர்களுக்குத் தெரியாதா?” என்று கேட்டிருந்தீர்கள். அப்படி ஒன்று உங்கள் போனில் என்றைக்குமே இருந்ததில்லை. புத்தம் புதிதாக வாங்கிய நாளிலும் அது சார்ஜ் ஏறும்போது சற்றே உப்பி, செலவாகும்போது வற்றிக்கொண்டுதான் இருந்தது. அதன் எதிர்மின்முனை கிராஃபைட். பென்சிலில் இருக்கிறதே, அதே கரி. ஏடு ஏடாக அடுக்கிய கார்பன். இரண்டு ஏடுகளுக்கு நடுவே 0.335 நானோமீட்டர் இடைவெளி. சார்ஜ் ஏறும்போது லித்தியம் அந்த இடுக்கில் போய் உட்கார்ந்துகொள்கிறது, ஏடுகள் 0.370 நானோமீட்டர் வரை விலகுகின்றன. கிட்டத்தட்ட பத்தில் ஒரு பங்கு பெருக்கம். ஒவ்வொரு சார்ஜுக்கும் இந்த மூச்சு உண்டு.

மாவு ஆட்டி வைக்கிற வீட்டில் பாத்திரத்தின் விளிம்புவரை ஊற்ற மாட்டார்கள். பொங்க இடம் விடுவார்கள். பேட்டரி வடிவமைப்பும் அந்த இடத்தைப் பற்றிய சண்டைதான். கிராஃபைட் பொடியைப் பசையோடு குழைத்துத் தாமிரத் தகட்டில் பூசி, உருளைகளுக்கு நடுவே விட்டு அழுத்துகிறார்கள். அழுத்திய பிறகும் அந்தப் பூச்சில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு வெற்றிடம். மின்பகுளித் திரவம் ஊறுவதற்கும், துகள் பெருத்தால் கொஞ்சம் ஒதுங்குவதற்கும் அதுதான் இடம். இன்னும் இறுக்கி அழுத்தினால் அதே அளவு பேட்டரியில் அதிக மின்சாரம் அடைக்கலாம். விற்பவருக்கு அதில் ஆசை, வடிவமைப்பவருக்கு அதில் பயம். போன் ஒல்லியாக வேண்டும், இரண்டு நாள் சார்ஜும் நிற்க வேண்டும் என்று கேட்கிற நாமும் இந்தச் சண்டையில் ஒரு கட்சிதான்.

இடம் விடாததன் விலையை 2016இல் உலகம் பார்த்தது. சாம்சங் கேலக்ஸி நோட் 7 ஆகஸ்டில் விற்பனைக்கு வந்தது. தீப்பிடிக்கிற செய்திகள் வர, செப்டம்பரில் திரும்பப் பெற்றார்கள். வேறொரு நிறுவனத்தின் பேட்டரியைப் போட்டு மாற்றிக் கொடுத்தார்கள், அதுவும் எரிந்தது. அக்டோபரில் அந்த மாடலையே நிறுத்திவிட்டார்கள். 2017 ஜனவரியில் சியோலில் காரணம் அறிவித்தார்கள். இரண்டாவது பேட்டரியில் பற்றவைப்புப் பிசிறு உள்ளே குத்தியது. அது தயாரிப்புக் கோளாறு, விட்டுவிடலாம். முதலாவதுதான் நம் கதை. பேட்டரி உறையின் மேல் மூலை ஒன்றில் போதிய இடம் இல்லை. எதிர்மின்முனையின் ஓரம் அங்கே மடங்கி வளைந்துபோனது. கோடிக்கணக்கில் செலவழித்துச் செய்த போனை ஒரு மூலையில் விடாத இடம் கவிழ்த்தது.

உங்கள் போனுக்கு வந்தது பெரும்பாலும் வாயுத் தொல்லை. ஆம், பேட்டரிக்கும் உண்டு. முதல் சார்ஜிலேயே மின்பகுளி கொஞ்சம் சிதைந்து கிராஃபைட்டின் மேல் மெல்லிய தோலாகப் படிகிறது. அப்போது வாயுவும் வரும். தொழிற்சாலையில் பேட்டரி உறைக்குப் பக்கத்தில் கூடுதலாக ஒரு பை விட்டு, வாயுவை அதில் வாங்கி, வெட்டி ஒட்டிவிடுகிறார்கள். அதற்குப் பிறகு சூட்டிலும் வயதிலும் மின்பகுளி சிதைந்தால் வாயு போக வழியில்லை. ராத்திரி முழுக்கச் சார்ஜில், தலையணைக்கடியில் போனை வைக்கிற பழக்கம் இருந்தால் சூட்டுக்குக் கேட்க வேண்டாம்.

கிராஃபைட்டின் பத்து சதவீதத்துக்கே இந்தப் பாடு. அடுத்து வருவது சிலிக்கான். ஒரு கிராம் கிராஃபைட் 372 மில்லி ஆம்பியர் மணி பிடிக்கும். சிலிக்கான் ஏறக்குறைய 3,600 பிடிக்கும். ஆனால் லித்தியத்தை முழுக்கக் குடித்தால் சுமார் நாலு மடங்கு பெருத்துவிடும். பெருத்துச் சுருங்கி நொறுங்கும். துகளை 150 நானோமீட்டருக்குக் கீழே கொண்டுவந்தால் விரிசல் விடுவதில்லை என்று கண்டார்கள். ஸ்டான்ஃபோர்டில் யி ட்சுய் குழுவினர் 2014இல் செய்ததுதான் எனக்குப் பிடித்தது: பொடிச் சிலிக்கானை ஒவ்வொன்றாகக் கார்பன் ஓட்டுக்குள் வைத்து, ஓட்டுக்குள்ளேயே வெற்றிடம் விட்டு, எல்லாவற்றையும் திரட்டி இன்னொரு ஓட்டால் மூடினார்கள். பார்க்க மாதுளம்பழம் மாதிரி இருந்ததால் அந்தப் பெயரையே வைத்தார்கள். கடையில் இன்று கிடைக்கிற சிலிக்கான் கலந்த பேட்டரிகளின் எதிர்மின்முனையில் பெரும்பங்கு இன்னும் கிராஃபைட்தான்.

இனி ரப்பர் பேண்ட். நீங்கள் செய்ததில் பாதி நியாயம் இருக்கிறது. மின்சாரக் காரில் தட்டைச் செல்களை அடுக்கும்போது நடுவில் நுரைப் பட்டை வைத்து, இரண்டு பக்கமும் பலகை கட்டி அழுத்தித்தான் வைக்கிறார்கள். அழுத்தம் இல்லாவிட்டால் அடுக்குகள் விலகும். அங்கே அழுத்தம் முகம் முழுக்கச் சமமாக, முதல் நாளிலிருந்தே இருக்கிறது. உங்கள் ரப்பர் பேண்ட் ஒரு கோட்டில் மட்டும் இறுக்குகிறது. வாயு ஓரத்துக்கு ஓடுகிறது. உள்ளே மின்முனை எங்கே மடங்குகிறது என்று வெளியே தெரியாது. நோட் 7இன் மூலையை நினைத்துக்கொள்ளுங்கள்.

போனை அணைத்து, ஊசி கீசி வைத்துக் குத்தாமல், துணி காகிதம் பக்கத்தில் இல்லாத தரையில் வைத்துவிட்டு, இன்றைக்கே சர்வீஸ் சென்டருக்குப் போன் செய்யுங்கள். வீட்டில் வேறு யாருடைய போனிலாவது.

அன்புடன்,
உங்கள் கட்டுரையாளர்