மவ்த்தைக் கேட்டு வாங்கலாமா? கருணைக் கொலை குறித்து மார்க்கம்



போன வாரம் ஜும்ஆ முடிந்ததும், அடி அண்ணாமலையிலிருந்து வந்திருந்த ஒரு சகோதரர் என்னைத் தனியே அழைத்தார். "ஹஜ்ரத், அம்மாவுக்கு வென்டிலேட்டர் வைத்து பதினோரு நாளாகிறது. இனிப் பலனில்லை என்கிறார்கள். எடுக்கச் சம்மதித்தால் அம்மாவைக் கொன்ற பாவம் எனக்கு வருமா?" என்று கேட்டார். அவருக்குச் சொன்னதைத்தான் உங்களுக்கும் சொல்கிறேன்.

மருந்தோ ஊசியோ கொடுத்து உயிரைப் போக்குவது ஒன்று. பலன் தராத சிகிச்சையை நிறுத்திவிட்டு, நோய் தன் வழியில் போக விடுவது வேறு. இரண்டுக்கும் கருணைக் கொலை என்றே பெயர் வைத்துவிட்டதால்தான் இத்தனை குழப்பம்.

முதலாவது ஹராம். நோயாளியே கெஞ்சிக் கேட்டாலும் ஹராம்தான். உயிர் நம் சொத்தல்ல, அமானிதம். காயத்தின் வேதனை தாங்காமல் கத்தியால் கையை அறுத்துக்கொண்டு இறந்த ஒரு மனிதரைப் பற்றி ஜுன்துப் (ரலி) அறிவிக்கும் ஹதீஸ் புகாரியில் இருக்கிறது. அவர் அவசரப்பட்டதை அல்லாஹ் ஏற்கவில்லை. துன்பம் வந்ததற்காக மரணத்தை ஆசைப்பட வேண்டாம் என்றும் நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். வாழ்வு நன்மையாக இருக்கும்வரை வாழ வை, மரணம் நன்மையானால் மரணிக்கச் செய் என்று ரப்பிடமே ஒப்படைக்கக் கற்றுத் தந்தார்கள்.

நெதர்லாந்தில் 2002 முதல் இது சட்டப்படி நடக்கிறது. இங்கும் வேண்டும் என்று சிலர் கேட்கிறார்கள். கேட்பவர்கள் விருதுநகர்ப் பக்கம் ‘தலைக்கூத்தல்’ என்றால் என்ன என்று ஒருமுறை விசாரிக்கட்டும். படுத்த படுக்கையான முதியவருக்கு விடியற்காலையில் தலை நிறைய எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, இளநீர் இளநீராகக் கொடுப்பார்கள். உடல் குளிர்ந்து ஓரிரு நாளில் உயிர் போய்விடும். செய்தவர்கள் அரக்கர்கள் அல்ல. பெற்ற பிள்ளைகள். கூலி வேலைக்குப் போனால்தான் அடுப்பெரியும், பார்த்துக்கொள்ள ஆளில்லை என்பார்கள். சில வீடுகளில் பெரியவரே சம்மதித்தார் என்றும் சொல்வார்கள். வீட்டுக்குப் பாரமாகிவிட்டோம் என்று நினைக்கும் ஒருவரின் சம்மதத்தைச் சம்மதம் என்று எப்படி எடுத்துக்கொள்வது? எனக்குப் பயமே இதில்தான். சட்டம் கதவைத் திறந்தால், முதலில் உள்ளே தள்ளப்படுவது ஏழை வீட்டு முதியவர்தான்.

இரண்டாவதுக்கு வருவோம். மும்பை கே.இ.எம். மருத்துவமனை நர்ஸ் அருணா ஷான்பாக், 1973இல் தாக்கப்பட்டு 2015 வரை நினைவின்றிக் கிடந்தார். அவருக்கான உணவை நிறுத்தக் கோரிய மனுவை 2011 மார்ச் 7 அன்று உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. அவரைப் பராமரித்து வந்த நர்ஸ்கள் கடைசிவரை அதற்குச் சம்மதிக்கவில்லை. அந்தப் பெண்களின் கித்மத்தை நினைத்தால் நமக்கு வெட்கமாக இருக்கிறது. ஆனால் அதே தீர்ப்பில், பலனற்ற உயிர்காப்புச் சிகிச்சையை நிபந்தனைகளோடு நிறுத்தலாம் என்று நீதிமன்றம் வழிவிட்டது. 2018இல் அதை உறுதிசெய்து, 2023இல் நடைமுறையை எளிதாக்கியது. இன்று மருத்துவமனையில் இரண்டு டாக்டர் குழுக்கள் பார்த்து ஒப்புக்கொள்ள வேண்டும், குடும்பத்தாரும் சம்மதிக்க வேண்டும்.

மார்க்கமும் இதற்கு இடம் தருகிறது. வலிப்பு நோய்க்காக துஆ கேட்டு வந்த பெண்மணி, பொறுமையைத் தேர்ந்தெடுத்து அப்படியே இருந்துகொள்ள நபியவர்கள் அனுமதித்தார்கள். எல்லாச் சிகிச்சையும் வாஜிப் இல்லை என்பதற்கு உலமாக்கள் இதை ஆதாரமாக எடுக்கிறார்கள். மூளை முற்றிலும் செயலிழந்து, மீளாது என்று நிபுணர்கள் உறுதிசெய்தால் கருவிகளை எடுக்கலாம் என்று சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி 1986இல் அம்மானில் முடிவெடுத்தது.

ஆகவே அந்தச் சகோதரரிடம் சொன்னேன்: பில்லுக்குப் பயந்து எடுக்காதீர்கள். ஊர் என்ன சொல்லுமோ என்று பயந்து நீட்டிக்கவும் வேண்டாம். குழு எழுதித் தரட்டும், அதன்பின் எடுத்தால் நீங்கள் கொன்றவர் அல்ல. வலிக்கு மார்ஃபின் கொடுப்பதும் ஜாயிஸ்தான், நோக்கம் வலியைக் குறைப்பதாக இருக்கும்வரை. வீட்டுக்குக் கொண்டுவந்தால், மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் நோய்த்தணிப்புச் சிகிச்சைக்கு நர்ஸ் வீட்டுக்கே வருவார், ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். உதட்டைப் பஞ்சால் நனைத்துக்கொண்டே இருங்கள், காதருகே மெதுவாகக் கலிமா சொல்லுங்கள். தங்கைகளையும் இன்றே வரச் சொல்லுங்கள் என்றேன். அவர் ஃபோனை எடுத்துக்கொண்டு வராந்தாவுக்குப் போனார்.