நல்ல கத்தி எது?

புதுக்கோட்டை மாவட்டத்தில், பாக் விரிகுடாக் கரையில் அமைந்த ஊர் மணமேல்குடி. இதனை அடுத்துள்ள கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் ஆகியவையும் மீன்பிடி ஊர்களே. இங்கே கடலுக்குச் செல்வோர் படகில் தவறாமல் வைத்திருக்கும் கருவி கத்தி. ஓடும் வலைக் கயிறு ஒருவர் காலில் சுற்றிக்கொண்டால், அவரைக் கடலுக்குள் இழுத்துவிடும். அந்நேரத்தில் முடிச்சை அவிழ்க்க அவகாசமிராது. கயிற்றை உடனே அறுத்தாக வேண்டும். எனவே கத்தி கூராக இருப்பது உயிர் காக்கும் செய்தியாகும்.

நல்ல கத்திக்கு அதிக விலை கொடுக்க வேண்டுமா? வேண்டியதில்லை. அதன் உலோகத்தை அறிந்தால் போதும்.

இரும்புடன் சிறிதளவு கார்பன் சேர்ந்ததே எஃகு. ஆணி, கம்பி போன்றவற்றில் கார்பன் மிகக் குறைவு. அவற்றைக் கடினமாக்க இயலாது. லாரியின் பட்டை வில்லில் ஏறத்தாழ 0.6 சதவீதம் கார்பன் உண்டு. நம் ஊர்க் கொல்லர்கள் பழைய வில் பட்டைகளை வாங்கிக் கத்தியும் அரிவாளும் அடிப்பதன் காரணம் இதுவே.

எஃகை 800 டிகிரி செல்சியசுக்கு மேல் சூடாக்கும்போது அதன் படிக அமைப்பு மாறி, கார்பன் அதனுள் கரைகிறது. சட்டென்று குளிரச் செய்தால் கார்பன் அணுக்கள் வெளியேற முடியாமல் சிக்கிக்கொள்கின்றன. எஃகு மிகக் கடினமாகிறது. ஆனால் கண்ணாடிபோல் எளிதில் உடையும். ஆகவே அதை மீண்டும் 200 முதல் 300 டிகிரி வரை சூடாக்கிப் பதப்படுத்துகிறார்கள்.

துருப்பிடிக்காத எஃகு நல்லதல்லவா என்று கேட்பீர்கள். 1913இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் ஹாரி பிரியர்லி குரோமியம் கலந்த எஃகை உருவாக்கினார். குறைந்தது 10.5 சதவீதம் குரோமியம் இருந்தால், மேற்பரப்பில் மெல்லிய ஆக்சைடு படலம் உண்டாகி எஃகைக் காக்கிறது. எனினும் எல்லா எவர்சில்வரும் கத்திக்கு உதவாது. பாத்திரங்களுக்குப் பயன்படும், நிக்கல் கலந்த வகையைச் சூடாக்கித் தோய்த்தாலும் அது கடினமாகாது.

வாங்குமுன் பெரியவர் ஒருவருடன் சேர்ந்து இவற்றைச் சோதிக்கலாம்:

1. காந்தத்தை வையுங்கள். ஒட்டாவிட்டால் அது பாத்திர எஃகாக இருக்கலாம், வாங்க வேண்டாம்.

2. ஒட்டினாலும் அது வெறும் இரும்பாக இருக்கக்கூடும். பிடியை ஒட்டிய வெட்டுவாயின் மூலையில் அரத்தால் மெல்லத் தேய்க்கச் சொல்லுங்கள். அரம் எளிதில் கவ்வினால் எஃகு மென்மையானது, வழுக்கினால் கடினமானது.

3. காய்ந்த மரத்தில் வெட்டச் செய்து வெட்டுவாயைக் கவனியுங்கள். மடங்கியிருந்தால் கடினம் போதாது. சில்லு பெயர்ந்திருந்தால் சரியாகப் பதப்படுத்தவில்லை.

4. அலகின் இரும்பு பிடியின் கடைசிவரை செல்ல வேண்டும்.

கொல்லர் அடித்த கத்தி விலை குறைவு; தீட்டுவதும் எளிது. அதன் ஒரே குறை துருப்பிடிப்பது. லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்புள்ள கடல்நீர் மின்சாரத்தை நன்கு கடத்துவதால் துருப்பிடித்தல் விரைவாகிறது. கரை சேர்ந்ததும் நன்னீரில் கழுவித் துடைத்து, தேங்காய் எண்ணெய் பூசினால் போதும்.

செய்து பாருங்கள்: மூன்று இரும்பு ஆணிகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றை நன்னீரிலும், ஒன்றை உப்பு நீரிலும், எண்ணெய் பூசிய ஒன்றை உப்பு நீரிலும் இடுங்கள். ஒரு வாரம் நாள்தோறும் கவனித்துக் குறித்து வாருங்கள். எது முதலில் துருப்பிடித்தது? ஏன்?